சேனை வைத்த நாளும் அதற்குப் பின் இருபத்தாறு நாளும்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேரிடமும் வாயால் சொல்லிவிடலாம் என்று இந்த மாதத்தில் மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு இப்போது ஏழாம் மாதம். வளையல் போட்ட அன்றைக்கு உங்கள் அத்தை எல்லார் முன்னாலும் கேட்டாள், "பொறக்கப்போற பிள்ளைக்கு யாரு சேனை வைக்கிறதுன்னு இப்பவே பேசி வச்சிடுங்க" என்று. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் ருசியாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறோமே, அந்தச் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஒருத்தர் என் பெயரையும் சொன்னார். நான் பந்தலை விட்டு வெளியே வந்து நின்றேன். பாப்பா, நீ பின்னாலேயே வந்து "என்னப்பா, மொகம் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய். அதற்கான பதில்தான் இது.

தம்பி, நீ பிறந்தது ஒரு பௌர்ணமி நாள் காலையில், கீழ்பென்னாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. நான் அப்போது மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு பேரிங்கைக் கழற்றி கிரீஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது ஆள் வந்து சொன்னார்கள். கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

அங்கே இருந்த நர்ஸம்மா உன்னைத் துண்டில் சுற்றி அத்தை மடியில் கொடுத்திருந்தார். "பையன்தான். கொஞ்சம் சின்னவன். மூச்சு வேகமா வாங்குறான், முனகுறான். திருவண்ணாமலைக்கு எடுத்துட்டுப் போயி கொழந்த டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஜீப் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் வாய்ல ஒண்ணும் குடுக்காதீங்க" என்றார். இந்தக் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று ஒரு நாளும் சொல்லமுடியாது.

பௌர்ணமி என்பதால் வண்டியெல்லாம் மலை சுற்ற வருகிற ஜனத்தை ஏற்றப் போய்விட்டது. ஜீப் வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் உன் முனகல் கேட்டது. கதவு கீல் முனகுவது போல, மூச்சுக்கு ஒன்று.

உனக்குச் சேனை வைக்க வேண்டியவர் செங்கத்து வாத்தியார் மாமா. அது நீ வயிற்றில் இருக்கும்போதே பேசி வைத்தது. பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும், அதனால் மாமன் கை. ஆனால் பௌர்ணமி அன்றைக்குச் செங்கத்திலிருந்து திருவண்ணாமலையைத் தாண்டி யார் வரமுடியும்?

அத்தைதான் சொன்னாள். "எட்டு மாசத்துப் பிள்ளைடா. சேனை வைக்காம ஊர் எல்லையத் தாண்டக்கூடாது."

"ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களேக்கா."

"சேனை என்ன சாப்பாடாடா? மூணு சொட்டு. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, ஒரு ருசியும் அறியாமப் போச்சுன்னு ஆயிடும். மாமன் வர்ற வரைக்கும் தாங்காது. நீ வச்சிடு."

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் நிற்க முடியவில்லை. அத்தையின் பையில் சர்க்கரை இருந்தது. சொம்பில் குழாய்த் தண்ணீர் இருந்தது. கலக்கினேன். விரலால் தொட்டு வைப்பதுதான் வழக்கம். என் விரலைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் கிரீஸ். இந்தக் கையையா பச்சைப் பிள்ளை வாயில் வைப்பது என்று தோன்றியது. பையில் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை இருந்தது. சுத்தமாகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பாலாடையில் எடுத்து அதன் மூக்கை உன் உதட்டில் வைத்துச் சாய்த்தேன்.

முதல் தடவை நீ சப்புக்கொட்டினாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இரண்டாவது தடவையும் உள்ளே போனது. மூன்றாவது தடவை கொஞ்சம் கூடவே சாய்த்துவிட்டேன்.

நீ இருமவில்லை. முனகல் நின்றுவிட்டது. முதலில், பிள்ளை அமைதியாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் உதடு நிறம் மாறியது. மழைக்கு முன்னால் மலை ஒரு நிறத்துக்கு வருமே, அந்த நிறம். அத்தை உன்னைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். நர்ஸம்மா ஓடி வந்து ரப்பர் குழாயால் உறிஞ்சினார். ஒரு வீறல், மறுபடியும் முனகல். சொம்பையும் பாலாடையையும் அத்தை அதற்குள் முந்தானைக்குள் தள்ளிவிட்டாள். ஜீப் வந்துவிட்டது.

திருவண்ணாமலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நீ இரண்டு முறை மூச்சை நிறுத்தினாய். குழந்தை டாக்டரம்மா உன் வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை நெஞ்சுக்குள் இறக்கி, அதில் ஒரு ரப்பர் பையை மாட்டி அமுக்கினார்கள். அமுக்கினால் நெஞ்சு ஏறியது. விட்டால் இறங்கியது. நீயாக ஒன்றும் செய்யவில்லை. அமுக்கிக்கொண்டே கேட்டார்கள்.

"வாய்ல ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. தாய்ப்பால்கூட இன்னும் குடுக்கல" என்றாள் அத்தை.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்க. குழாய் போடுறப்ப ஏதோ பிசுபிசுன்னு வந்துச்சு. திட்டறதுக்குக் கேக்கல."

அத்தை என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி வேண்டியதே இல்லை. தலையை ஆட்டினேன். இல்லை என்பது போல.

மூச்சு விடவைக்கிற மிஷினில்தான் பிள்ளையைப் போடவேண்டும், இங்கே இருப்பதில் வேறு ஒரு குழந்தை இருக்கிறது, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். போன் செய்து அங்கே இடம் கேட்டு வைத்தார்கள். ஆம்புலன்ஸில் டிரைவர், ஒரு நர்ஸ், நான். அத்தை அம்மாவுக்குத் துணையாக ஊருக்குத் திரும்பினாள். நான் வண்டி ஏறும்போது என் காதருகே, "சொல்லித் தொலைக்காத. அவ குடும்பத்துல நம்மளத்தான் ஏசுவாங்க" என்றாள்.

மத்தியானம். ஊரே எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்ததால் ரோடு முழுக்க ஜனம். சைரன் போட்டால் ஒதுங்குவார்கள், ஒதுங்க இடம் இருக்காது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் வழி உடுங்கம்மா. நீங்க வேண்டப் போற சாமிகிட்ட நாங்க கெஞ்சிட்டு இருக்கோம்" என்றார். யாரோ ஒரு ஆள், கழுத்தில் துண்டு போட்டவர், வண்டிக்கு முன்னால் நடந்து இரண்டு கையாலும் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டே வந்தார். ரயில்வே கேட் தாண்டும்வரை வந்தார். திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் போய்விட்டார்.

நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். தலை கூரையில் இடித்தது. நர்ஸ் இளம்பெண். விடாமல் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணா, ஒண்ணு உக்காருங்க, இல்ல எறங்கி நடந்து வாங்க" என்றார். பிறகு அவரே, "என்ன வேல பாக்கறீங்க?" என்றார்.

"மல்லாட்டை மில்லுல மிஷின் ஓட்டறேன் சிஸ்டர்."

"அப்ப ஒரே வேகத்துல வேலை செய்ய வரும். ஆக்சிஜன் சிலிண்டர் மாத்தணும் எனக்கு. இத புடிங்க. முழுக் கை வேணாம், ரெண்டு வெரலு, கட்டவெரலு. அமுக்கு, ரெண்டு, மூணு. அமுக்கு, ரெண்டு, மூணு. நெஞ்சு லேசா ஏறினா போதும். ஜாஸ்தியா அமுக்கினா நுரையீரல் கிழிஞ்சிடும். மல்லாட்டை ஒடைக்கிற வேலை இல்ல இது."

பஞ்சில் ஏதோ மருந்து நனைத்துக் கொடுத்தார், கையைத் துடைத்துவிட்டுப் பையை வாங்கினேன். அமுக்கு, ரெண்டு, மூணு. உன் நெஞ்சு என் கைக்கு ஏறி இறங்கியது. அன்றைக்குக் காலையிலிருந்து அதுவரைக்கும் என் உடம்பு ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அப்போதுதான் நின்றது. சிலிண்டரை மாற்றிவிட்டு நர்ஸ் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை. "நல்லாத்தான் போடறீங்க. என் கை மரத்துப்போச்சு. செஞ்சி வரைக்கும் போடுங்க" என்று என் கைக்குப் பக்கத்திலேயே தன் கையை வைத்துக்கொண்டு உன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்பென்னாத்தூர் வந்தது. காலையில் நான் நடந்துகொண்டிருந்த அதே ரோடு. ஆஸ்பத்திரி வாசல் கண்ணாடியில் தெரிந்து மறைந்தது. உள்ளே உங்கள் அம்மா படுத்திருக்கிறாள், பிள்ளை தன்னைத் தாண்டிப் போவது அவளுக்குத் தெரியாது. அமுக்கு, ரெண்டு, மூணு.

"சிஸ்டர், நான் சேனை வச்சேன்" என்றேன்.

என் கை நின்றிருக்கவேண்டும். "நிறுத்தாதீங்க. அமுக்கிக்கிட்டே சொல்லுங்க" என்றார்.

"சர்க்கரைத் தண்ணி. மூணு தடவ."

"வெரல்லயா?"

"பாலாடையில."

"எவ்வளவு இருக்கும்?"

"அரை பாலாடை. கடைசில கொஞ்சம் கூடவே சாச்சிட்டேன்."

"தேனு, வெளக்கெண்ணெய், வசம்பு, வேற ஏதாச்சும்?"

"இல்ல சிஸ்டர். சத்தியமா."

"தண்ணி காய்ச்சினதா?"

"சொம்புத் தண்ணி. கொழாய்ல புடிச்சது."

அவர் பேப்பரை முழங்காலில் வைத்து எழுதினார். வண்டி குலுங்கியதில் எழுத்து கோணிப் போனது. எனக்கு ஒரு ஆறுதல் வார்த்தை தேவைப்பட்டது. "காலையிலயே டாக்டரம்மா கேட்டாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "இப்பவாவது சொன்னீங்களே. எண்ணெயா இருந்தா ஒரு வைத்தியம், தண்ணியா இருந்தா ஒரு வைத்தியம். அங்க போனதும் நீங்களே உங்க வாயால சொல்லுங்க. நான் எழுதினா ஒரு வரி. நீங்க சொன்னா அவங்க நாலு கேள்வி கேப்பாங்க."

சொன்னேன். பாண்டிச்சேரியில் அந்த டாக்டர் என்னைவிடச் சின்னவர். உன்னை மிஷினில் மாட்டிவிட்டு வெளியே வந்து, சுவரோரமாக நின்றுகொண்டே எல்லாம் கேட்டார். என்ன மருந்து மாற்றவேண்டும் என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நான் கேட்டேன், "சார், இது என்னாலதானா?"

"நாள் ஆகறதுக்கு முன்னாடி பொறந்ததால நுரையீரல் விரியல. அதுக்கு ஒரு மருந்து நுரையீரலுக்குள்ளயே விட்டிருக்கோம். அதுக்கு மேல இந்தத் தண்ணியும் போயிருக்கு. ரெண்டும்தான்."

"எது ஜாஸ்தி சார்?"

அவர் உள்ளே போய்விட்டார். இன்றுவரைக்கும் யாரும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் நீ மிஷினில் இருந்தாய். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை கண்ணாடி வழியாகப் பார்க்க விடுவார்கள். மற்ற நேரம் தாழ்வாரம்தான். மிஷின் சத்தம் கதவிடுக்கு வழியாக லேசாக வரும். எனக்கு மிஷின் சத்தம் புதிது இல்லையே. மில்லில் பெல்ட் தளர்ந்தால் நான் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். இங்கேயும் காதை அங்கேயே வைத்துக்கொண்டு நடந்தேன். புஸ், டக். புஸ், டக். அது ஒரு சின்ன வித்தியாசம் காட்டினால் போதும், கதவருகே போய் நின்றுவிடுவேன். ஒரு நாள் கீக்கீ என்று மணி அடித்தது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட்டேன். உன் காலில் ஒட்டியிருந்த ஒயர் நழுவியிருந்தது, அவ்வளவுதான். என்னைத் திட்டி வெளியே அனுப்பினார்கள். இன்னொரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. விளக்கெல்லாம் அணைந்தது. நான் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆனால் புஸ், டக் நிற்கவே இல்லை. அதற்குள் பேட்டரி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

வாசலில் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார், வயதானவர். "ஏம்பா, திருவண்ணாமலைதானே நீ? இங்க நடந்த நடைக்கு உங்க மலைய நாலு தபா சுத்தியிருக்கலாம். புண்ணியமாவது கெடச்சிருக்கும்" என்பார். பிறகு தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளுவார். நான் உட்காரமாட்டேன்.

நான்காம் நாள் உங்கள் அம்மா வந்தாள். தையலோடு பஸ்ஸில் வந்தாள். முகமே சிறுத்துப் போயிருந்தது. பாப்பா, உன்னை அப்போது அத்தை வீட்டில் விட்டிருந்தோம். உனக்கு ஐந்து வயது. தம்பியை எப்போது கூட்டிவருவீர்கள் என்று நீ கேட்டதாகச் சொன்னாள். கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தாள், தம்பி. ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பியதும், தாழ்வாரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா வேண்டாம் என்றது, அத்தை சொன்னது, கிரீஸ், பாலாடை, டாக்டரம்மாவிடம் தலையாட்டியது, செஞ்சி ரோட்டில் நர்ஸிடம் சொன்னது.

பால் எடுக்கும் அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் சாயந்திரம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. நான் வாங்கி வந்த இட்லியை மட்டும் சாப்பிட்டாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"அன்னைக்கு நான் வெளிய இருந்திருந்தா, நானும் வைக்கத்தான் சொல்லியிருப்பேன். அதான் உங்க மேல கோவம் வரமாட்டேங்குது. கோவம் வந்தா பரவால்ல போலிருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டாக்டர் கேட்டதுக்கு இல்லன்னீங்களே, அதுக்குக் கோவம் இருக்கு. அது போகாது" என்றாள்.

போகவும் இல்லை. இன்றைக்கும் நான் ஏதாவது ஒளித்துப் பேசுகிறேன் என்று தெரிந்தால், "செஞ்சி வரைக்கும் போகணுமா?" என்பாள். நீங்கள் இரண்டு பேரும் அதை ஏதோ எங்கள் கல்யாணமான புதிதில் நடந்த கதை என்று சிரிப்பீர்கள். அது இதுதான்.

ஆறாம் நாளிலிருந்து மிஷினைக் குறைக்க ஆரம்பித்தார்கள். "மிஷின் நிமிஷத்துக்கு நாப்பது மூச்சு போட்டுச்சு. இப்ப முப்பது போடும். மிச்சத்த உங்க பையன் போடணும்" என்றார் அந்தச் சின்ன டாக்டர். எனக்கு அது புரிந்தது. புது ஆளுக்கு வேலை பழக்கும்போது நாமும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்போம். இருபது ஆனது. அன்றைக்கு நீ சோர்ந்துவிட்டாய், மறுபடியும் முப்பது வைத்தார்கள். நான் பீச்சுவரை நடந்துபோய், கடலைப் பார்க்காமலேயே திரும்பி வந்தேன். மறுபடியும் இருபது. பத்து.

ஒன்பதாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். நானும் அம்மாவும் கதவருகே நின்றோம். பிள்ளை அழுவான் என்று காத்திருந்தோம். சத்தமே வரவில்லை. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்து, "அழறான், சத்தம்தான் வரல. இவ்வளவு நாள் குழாய் இருந்ததால தொண்டை கட்டியிருக்கும். வந்து பாருங்க" என்றார். பார்த்தோம். வாய் அகலமாகத் திறந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. நெஞ்சு, யாருடைய கையும் இல்லாமல், எந்த மிஷினும் இல்லாமல், கோணல்மாணலாக, வேகமாக, ஏறி இறங்கியது. ஒரே அளவாக இல்லை. மில்லில் அப்படி ஓடினால் நான் நிறுத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு பதினேழு நாள். முதலில் மூக்குக் குழாயில் அம்மாவின் பால். பிறகு வாயால் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் நர்ஸ் ஒரு தட்டில் பாலாடையைக் கொண்டுவந்தார். கொதிக்கவைத்த சின்னப் பாலாடை. அங்கேயும் அதில்தான் கொடுப்பார்களாம். உட்காரவைத்தாற்போல் பிடித்து, கன்னத்தோரமாக வைத்து, விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டுமாம். அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். "நீங்களும் பழகிக்கோங்க" என்றார்கள். நான் வெளியே போய்விட்டேன். இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்ச்மேன் ஸ்டூலில், முதல் தடவையாக, உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து அம்மா வந்து, "குடிச்சிட்டான்" என்றாள்.

பாப்பா, உன் பிள்ளைக்கு யார் சேனை வைப்பது என்று பேச்சு எடுத்தால், அப்பா வேண்டாம் என்கிறார் என்று சொல். வேறு யார் பெயர் சொன்னாலும் அதையே சொல். அத்தையிடம் இதைக் கேட்டு அவளைக் கஷ்டப்படுத்தாதே. அவள் பயந்துதான் செய்தாள். நானும் பயந்துதான் செய்தேன். டாக்டர் கேட்கிற கேள்விக்கு மட்டும், என்ன நடந்திருந்தாலும், யார் முழங்கையைப் பிடித்தாலும், உள்ளதைச் சொல். தம்பி, உன்னிடம் நான் மன்னிப்பு கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நீ இதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து எதுவும் பேசவேண்டியதில்லை. கோபம் வந்தால் பேசு.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்றைக்கு, அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு கீழே வேனில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்க்கை மறந்துவிட்டோம் என்று நான் மட்டும் மேலே போனேன். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. உன் மிஷின் அங்கே சுவரோரமாக, துடைத்து, ஒயரைச் சுருட்டி மேலே வைத்து, சும்மா நின்றிருந்தது. அதுதானா என்று முதலில் சந்தேகம், பக்கவாட்டில் ஒட்டியிருந்த, தினமும் கண்ணாடி வழியாகப் படித்த நம்பரைப் பார்த்து உறுதி செய்தேன். கீழே குனிந்தபோது பார்த்தேன், முன்சக்கரம் ஒன்றில் நூலும் தலைமுடியும் சுற்றி இறுகியிருந்தது. தள்ளினால் ஒரு பக்கமாக இழுக்கும். தரையில் உட்கார்ந்தேன். வீட்டுச் சாவியின் முனையால் ஒவ்வொரு சுற்றாக நெம்பி எடுத்தேன். அச்சில் இறுகியிருந்ததைப் பல்லால் கடித்து இழுக்கலாமா என்றுகூட யோசித்து, விட்டுவிட்டு, சாவியாலேயே எடுத்தேன். சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் ஓடியது. நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.